எட்டு வயதுப் பையனுக்குப் பைலோரி கிருமி என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது: மாத்திரையைத் தொடங்கலாமா?

வைகைக்கரை (மதுரை):

வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து வயிறு வலிக்கிறது என்கிறான். எங்கே என்று கேட்டால் உள்ளங்கையைத் தொப்புளின் மேல் வைத்து வட்டமாகத் தடவிக் காட்டுவான். பெரும்பாலும் காலையில், இட்லித் தட்டின் முன் உட்காரும்போது. சில நாள் பள்ளி விட்டு வந்ததும் மாலையில். குமட்டுகிறது என்பான், ஆனால் வாந்தி எடுத்ததில்லை. காய்ச்சல் இல்லை. இரவில் படுத்தால் விடியும் வரை எழுவதில்லை. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறான் என்பது என் கணவரின் கட்சி. சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் வலிக்கிறது என்பதால் நான் அதை ஏற்கவில்லை.

குடல் புழுவாக இருக்கும் என்று முதலில் நினைத்தோம். பள்ளியிலேயே ஆகஸ்ட் மாதம் புழு மாத்திரை கொடுத்தார்கள். வலி மாறவில்லை. பிறகு வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குடலைச் சுற்றிச் சின்னச் சின்ன நெறிக்கட்டிகள் இருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. மற்றபடி எல்லாம் சரி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.8. எடை 24 கிலோ. கடைசியாக ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கு ஐஜிஜி ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அது பாசிட்டிவ்.

உடனே பதினான்கு நாளைக்கு அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை. பையனுக்குக் காய்ச்சல் மருந்தைக் கொடுப்பதே எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. இரண்டு ஆன்டிபயாடிக்கை இரண்டு வாரம் எப்படி விழுங்க வைப்பது என்பது ஒரு பக்கம். உண்மையிலேயே வேண்டுமா என்பது இன்னொரு பக்கம்.

என் கணவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு அல்சர் என்று இதே கிருமிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். எங்களோடு இருக்கும் மாமியாருக்கும் எப்போதும் நெஞ்செரிச்சல். கேஸ் மாத்திரை இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அவர்களிடமிருந்துதான் பையனுக்கு வந்திருக்குமா? வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்ய வேண்டுமா? இந்தக் கிருமி பின்னாளில் வயிற்றுப் புற்றுநோயாக மாறும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கீழவாசல்:

என் தம்பி மகனுக்கும் இதே கதைதான், சகோதரி. ரத்தப் பரிசோதனை, பாசிட்டிவ், இரண்டு வாரம் மாத்திரை. நடுவில் வயிற்றுப்போக்கு வேறு வந்து, பையன் துவண்டுபோனான். மாத்திரை முடிந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தான். அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் அதே இடத்தில் அதே வலி. மீண்டும் ரத்தம் எடுத்தார்கள், மீண்டும் பாசிட்டிவ். கிருமி சாகவில்லை, வேறு மருந்து போடலாம் என்றார்கள். அதன் பிறகு அவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது பையன் நன்றாகத்தான் இருக்கிறான், எது சரி செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆய்வகத்து அண்ணாச்சி (பாளையங்கோட்டை):

நான் மருத்துவர் இல்லை. நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாத்திரை கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் அந்தக் காகிதத்தில் இருக்கும் "பாசிட்டிவ்" என்ற சொல் எவ்வளவு பெறும் என்று சொல்ல முடியும். குழந்தைகள் விஷயத்தில் அது மிகக் குறைவாகவே பெறும்.

ஐஜிஜி பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. கிருமி ஒழிந்த பிறகும் அந்தப் பொருள் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். திருடன் போய் வெகுநேரம் ஆன பிறகும் தெருநாய் குரைத்துக்கொண்டிருப்பதைப் போன்றதுதான் இது. கீழவாசல் நண்பர் சொன்ன இரண்டாவது பாசிட்டிவுக்கு இதனால் பொருளே இல்லை. மருந்து முடிந்ததும் ரத்தம் எடுத்தால் பாசிட்டிவாகத்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி மருந்து எழுதுவதை என்னவென்று சொல்வது!

சரி, கிருமி உண்மையிலேயே உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த வலி அதனால்தான் என்று ஆகிவிடாது. நம் நாட்டில் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி சிறு வயதிலேயே வந்துவிடுகிறது, அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே. தாயிடமிருந்து, கூடப் பிறந்தவர்களிடமிருந்து. எச்சில், வாந்தி, மலம் பட்ட கை என்று வழிகள் சொல்கிறார்கள். ஒரு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பரிசோதித்தால், வயிறு வலிக்காத பிள்ளைகளிலும் பலருக்கு இது இருக்கும். பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. குழந்தைகளுக்கு அல்சர் வருவது அரிது.

இதனால்தான் ஐரோப்பா, வட அமெரிக்கா இரண்டிலும் உள்ள குழந்தைகள் குடல்நோய் மருத்துவர்களின் சங்கங்கள் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பரிசோதனையின் நோக்கம் வலியின் காரணத்தைக் கண்டுபிடிப்பது, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் அல்ல. வேறு அபாய அறிகுறி இல்லாத வெறும் வயிற்று வலிக்கு இந்தக் கிருமியைத் தேடவே வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் பரிசோதனையைக் குழந்தைகளுக்கு வைத்துக்கொள்ளவே வேண்டாம். நான் வேலையில் இருந்த காலத்தில் இந்தப் பரிசோதனைக்கு வரும் சீட்டுகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். செய்து முடிக்கப் பத்து நிமிடம், விலையும் குறைவு, முடிவு அச்சடித்து வருகிறது. அதனால் எல்லோரும் எழுதினார்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் குழந்தைகளுக்கு எண்டோஸ்கோபிதான், அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது. இரைப்பையிலிருந்து துணுக்குகள் எடுப்பார்கள். ஒன்றிரண்டு போதாது, குறைந்தது ஆறு வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளின் இரைப்பையில் கிருமி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஒரு துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் நிறக் கரைசலில் போடுவோம். இந்தக் கிருமியிடம் யூரியேஸ் என்று ஒரு நொதி உண்டு. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும். அந்த அம்மோனியாதான் அமிலக் குளத்துக்குள் கிருமியைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் போடுகிறது. கரைசலையும் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாற்றுகிறது. மற்றத் துணுக்குகளை நோய்க்கூறு மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பார். வசதியிருந்தால் கிருமியை வளர்த்து, எந்த ஆன்டிபயாடிக்குக்குச் சாகும் என்றும் பார்ப்பார்கள். இந்தியாவில் மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு இது பெரும்பாலும் அசைவதில்லை, கிளாரித்ரோமைசினும் பல இடங்களில் கைவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட, புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத பைலோரியும் இருந்தது. தேவையில்லாத இடத்தில் ஒரு சுற்று மருந்து போட்டுவிட்டால், பின்னால் உண்மையிலேயே தேவைப்படும்போது கையில் மருந்து இருக்காது.

வளர்ப்பது என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவரும் இந்தக் கிருமியை வளர்க்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். இரண்டு நாளில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கிப் போடுவது ஆய்வக வழக்கம். 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்ததால் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் பெட்டியிலேயே கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி முளைத்திருந்தது! அதற்குத் தேவைப்பட்டது அவகாசம் மட்டும்தான். யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, சில நாளில் குமட்டலும் வாந்தியுமாகப் படுத்து, தன் இரைப்பை வீங்கியிருப்பதை எண்டோஸ்கோபியில் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. விடுமுறை எடுக்கும் ஆய்வக ஊழியரை யாரும் திட்டக்கூடாது என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் சான்று இது.

புற்றுநோய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1994-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணிகளில் சேர்த்தது உண்மை. அது பல பத்தாண்டுகள் எடுக்கும், மிகச் சிலருக்கே நேரும் விஷயம். இந்தியாவில் இத்தனை பேருக்கு இந்தக் கிருமி இருந்தும், ஜப்பான், கொரியா போன்ற நாடுகளோடு ஒப்பிட்டால் வயிற்றுப் புற்றுநோய் குறைவாகவே இருக்கிறது. எட்டு வயதுப் பையனை நினைத்து இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அம்மா.

செட்டிநாட்டு ஆச்சி:

இவ்வளவு பரிசோதனை எதற்கு, மகளே? பையன் எங்கேயாவது குதித்து விழுந்திருப்பான், குடல் ஏறியிருக்கும். எங்கள் ஊரில் குடல் தட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டால் மறுநாள் பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிடும். ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பார்.

கோவை செவிலி:

ஆச்சி, எட்டு வயதுப் பிள்ளையின் வயிற்றில் மெதுவாக எண்ணெய் தடவுவதால் கெடுதல் இல்லை, பிள்ளைக்கு இதமாகக்கூட இருக்கும். ஆனால் கைக்குழந்தைக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள். குடலுக்குள் குடல் செருகிக்கொண்ட குழந்தைகளை, குடல் தட்டிவிட்டு ஒரு நாள் தாமதமாகக் கொண்டுவருவதை நான் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டு வீறிட்டு அழுவது, பச்சையாக வாந்தி எடுப்பது, மலத்தில் ரத்தமும் சளியும் வருவது என்றால் எண்ணெயைத் தொடாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வைகைக்கரை சகோதரி, நான் குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு நிம்மதி தருவது இரண்டு. பையன் தொப்புளைக் காட்டுகிறான். இரவில் வலியால் எழுவதில்லை. 1958-இல் ஜான் ஆப்லி என்ற மருத்துவர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, பத்தில் ஒருவருக்கு இப்படி வந்து வந்து போகும் வயிற்று வலி இருப்பதாக எழுதினார். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளே எந்த நோயும் கண்டுபிடிக்க முடியவில்லை. வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு உள்நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் பெயரில் இன்றும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தரும் பாடம். நோய் இல்லை என்றால் வலி பொய் என்று உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. குடலின் நரம்புகள் சாதாரண அசைவையே வலியாகச் சொல்கின்றன. பிள்ளைக்கு அது உண்மையான வலிதான். ஸ்கேனில் எழுதிய நெறிக்கட்டிகளுக்காகப் பயப்பட வேண்டாம், சின்ன அளவில் அவை நலமாக இருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். 11.8 என்பதும் இந்த வயதுக்கு ரத்தசோகை இல்லை, 11.5-க்குக் கீழே போனால்தான் கவலை.

எடை குறைவது, வளர்த்தி நிற்பது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், விழுங்கும்போது வலி, தொடர்ந்து வாந்தி, நாள்பட்ட காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்து நிற்கும் வலி: இதில் ஒன்று இருந்தாலும் நான் இப்படிப் பேசமாட்டேன். உங்கள் கணவருக்கு அல்சர் எண்டோஸ்கோபியில் பார்த்துச் சொன்னதா, வெறும் நெஞ்செரிச்சலுக்கு வைத்த பெயரா என்று பழைய காகிதத்தைத் தேடிப் பாருங்கள். பெற்றோருக்கு உண்மையிலேயே அல்சர் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கேட்க வேண்டியதை நீங்கள் யாருமே எழுதவில்லை. பையன் எத்தனை நாளுக்கு ஒரு முறை மலம் கழிக்கிறான்? "தினமும் போகிறான்" என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். எட்டு வயதில் அவனே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான், நமக்கு எப்படித் தெரியும்? எப்படிப் போகிறது? உருண்டை உருண்டையாகவா, கழிப்பறை அடைக்கும் அளவுக்குப் பெரிதாகவா? உள்ளாடையில் கறை இருக்கிறதா? முக்கியமாக, பள்ளிக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறானா? எங்கள் பிரிவுக்கு வயிற்று வலி என்று வரும் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை அடக்கி வைத்திருப்பவர்கள் என்பது என் கணிப்பு. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டிவரும் என்று தண்ணீர்ப் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகளும் உண்டு. காலையில் சாப்பிட உட்கார்ந்ததும் பெருங்குடல் அசையும். உள்ளே இறுகிக் கிடந்தால் அப்போதுதான் வலிக்கும், குமட்டும். இட்லித் தட்டின் முன் வலி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு இது தோன்றியது.

மஞ்சள் மாநகர் (ஈரோடு):

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்தக் கிருமியை எல்லா நேரமும் சும்மா விட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகளின் கதை வேறு.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வயிற்று வலி பெரிதாக இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளுத்திருக்கும், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். ஹீமோகுளோபின் 7.9. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தோம். நானே எதிரில் நின்று விழுங்க வைத்தேன். ஏறியது, மாத்திரையை நிறுத்தியதும் மீண்டும் இறங்கியது. பெரியவளாவதற்கு முன்பே இப்படி இருந்ததால் மாதவிடாயைக் காரணம் சொல்லவும் வழியில்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல் எல்லாம் நடந்தது. கடைசியில் கோவையில் ஒரு குழந்தைகள் குடல்நோய் மருத்துவரிடம் போனோம். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப இறங்கும் ரத்தசோகைக்கு எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்றார்.

நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு, கையில் ஊசி, மயக்க மருந்து. விழித்தபோது தொண்டை கரகரக்கிறது என்றாள், மதியம் இளநீர் கேட்டாள். இரைப்பையின் கீழ்ப்பகுதி முழுதும் சின்னச் சின்ன மேடுகளாக இருப்பதைத் திரையில் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கிருமி இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் தெரியுமாம். துணுக்குகளில் கிருமி உறுதியானது.

மருந்து பதினான்கு நாள், எடைக்குத் தக்க அளவு. சகோதரி கேட்ட "எப்படி விழுங்க வைப்பது" என்பதற்கு என்னிடம் பதில் உண்டு. கிளாரித்ரோமைசின் வாயில் நாள் முழுதும் ஒரு செம்புக் கசப்பை விட்டுவிடும். காலையில் எலுமிச்சைச் சாதம், இரவில் நாட்டுச் சர்க்கரை போட்ட பால் என்று அவளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை என்று மருத்துவர் குறைபட்டுக்கொண்டார். நடுவில் நான்கைந்து நாள் வயிறு இளகியது, நிறுத்தவில்லை. ஒரு வேளை தவறினாலும் கிருமி பிழைத்துக்கொள்ளும் என்று அவர் மிரட்டி அனுப்பியிருந்தார், அது நன்மைக்கே.

முடிந்து ஆறு வாரம் கழித்து மலத்தில் கிருமியின் கூறு இருக்கிறதா என்று பார்த்தார்கள். நெகட்டிவ். அதற்குப் பிறகு போட்ட இரும்புச்சத்து உடம்பில் தங்கியது. இப்போது 12-க்கு மேல் இருக்கிறாள், சுண்ணாம்புப் பக்கம் போவதில்லை. ஒன்று மட்டும்: இரும்புச்சத்து மருந்து சாப்பிடும்போது மலம் கறுப்பாகத்தான் போகும். இந்தக் கிருமிக்குச் சிலருக்குக் கொடுக்கும் பிஸ்மத் கலந்த மருந்துக்கும் அப்படித்தான். மேலே செவிலி சகோதரி எழுதிய கறுத்த மலத்தோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் ஒரு முறை அலறியடித்து ஓடியிருக்கிறேன்.

வைகைக்கரை (மதுரை):

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன், நடுவில் சில வேலைகள் ஓடின.

செவிலி சகோதரி கேட்டதை அன்று இரவே மகனிடம் கேட்டேன். நேராகக் கேட்டால் சொல்லமாட்டான் என்று, அவனும் அவன் நண்பர்களும் இடைவேளையில் என்ன செய்வார்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். பள்ளிக் கழிப்பறையில் பையன்கள் பக்கம் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லையாம். ஒருவன் உள்ளே போனால் மற்றவர்கள் கதவைத் தள்ளிச் சிரிப்பார்களாம். இவன் இந்த ஆண்டு ஒரு நாள்கூட அங்கே மலம் கழிக்கவில்லை. வீட்டிலும் காலையில் வேன் வந்துவிடும் என்ற அவசரத்தில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுகிறான். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறைதான் சரியாகப் போகிறது.

வேறு ஒரு குழந்தை மருத்துவரிடம் எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். இடப்பக்க அடிவயிற்றில் கை வைத்ததுமே என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கெட்டியாக உருட்டிக்கொண்டு இருந்தது. ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம் என்றார். மலத்தை இளக்கும் தூள் ஒன்றைத் தண்ணீரில் கலந்து தினமும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சில மாதம் தொடர வேண்டும், நன்றாகிவிட்டது என்று இரண்டாவது வாரத்தில் நீங்களாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் காலுக்கு ஒரு முக்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து எடையும் ஹீமோகுளோபினும் பார்த்து, ஏதாவது இறங்கியிருந்தால் அப்போது எண்டோஸ்கோபி பற்றி யோசிக்கலாம் என்றார்.

கணவரின் பழைய காகிதமும் கிடைத்தது. எண்டோஸ்கோபி எதுவும் செய்யவில்லை, அவருக்கும் இதே ரத்தப் பரிசோதனைதான்!

வலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். திங்கட்கிழமை காலைகளில் இன்னும் முனகுகிறான். ஆனால் மாலையில் வலி இல்லை, ராத்திரி தோசை கூடுதலாக ஒன்று இறங்குகிறது. தாழ்ப்பாள் விஷயமாக வகுப்பு ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன். தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார், கொடுத்திருக்கிறேன். வேறு இரண்டு அம்மாக்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. மாமியாருக்கு வயது அறுபத்தாறு. குழந்தைக்குத் தேட வேண்டாம் என்றீர்கள், அவருக்கும் அப்படித்தானா? அவருக்கு எந்தப் பரிசோதனை சரி?

ஆய்வகத்து அண்ணாச்சி (பாளையங்கோட்டை):

பெரியவர்களுக்குக் கணக்கு வேறு, அம்மா. அவர்களுக்கு அல்சரும் அதிகம், புற்றுநோய் வாய்ப்பும் வயதோடு கூடுகிறது. கிருமி இருப்பது உறுதியானால் பெரும்பாலும் மருந்து கொடுத்து ஒழிக்கவே சொல்வார்கள். அறுபதைத் தாண்டியவருக்கு விடாத நெஞ்செரிச்சல் என்றால் எண்டோஸ்கோபியே செய்து பார்த்துவிட மருத்துவர் சொல்லலாம். இல்லையென்றால் மலப் பரிசோதனை, அல்லது யூரியாவைக் குடிக்கவைத்து ஊதச் சொல்லும் மூச்சுப் பரிசோதனை. இரண்டும் இப்போது உள்ளே கிருமி இருக்கிறதா என்று சொல்லும். ஆனால் கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே செய்தால் கிருமி இருந்தும் நெகட்டிவ் என்று வந்துவிடும். இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும், ஆன்டிபயாடிக் என்றால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும்.

நிறுத்துவதற்கு முன் ஒரு கேள்வி. மூட்டு வலிக்கு அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?

வைகைக்கரை (மதுரை):

ஆமாம் அண்ணாச்சி. முழங்கால் வலிக்குத் தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. தெருமுனை மருந்துக் கடையில் அவரே போய் வாங்கி வருவார். அட்டையைப் பார்த்தேன், டைக்ளோஃபினாக் என்று போட்டிருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஆய்வகத்து அண்ணாச்சி (பாளையங்கோட்டை):

அப்படியானால் நீங்களாகக் கேஸ் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டைக்ளோஃபினாக் தனியாகவே இரைப்பையில் புண் உண்டாக்கும். கிருமியும் சேர்ந்தால் அபாயம் பல மடங்கு. இப்போது அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்தக் கேஸ் மாத்திரையாக இருக்கலாம். இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகிறதா என்று அவரிடம் இன்றே கேளுங்கள். ஆம் என்றால் இந்த வாரம் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.